யுமிகோ மிஸ்ஸுக்கு நான் போட்ட மாலை

ஒரு வேலையைச் சொன்னால் அதை மட்டும் செய்துவிட்டுப் போகிற சாமர்த்தியம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. கூடவே கொஞ்சம் சேர்த்துச் செய்வேன். யாரும் கேட்காத அந்தக் கொஞ்சத்தில்தான் இன்றுவரை மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறேன். அதில் முதல் இடம், நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்த ஒரு ஜப்பான் டீச்சருக்கு நானே படம் வைத்து மாலை போட்ட கதைக்கு.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஒரகடத்தில் ஒரு பயிற்சி மையத்தில் ஆபீஸ் அசிஸ்டென்ட். ஜப்பானுக்கு வேலைக்குப் போகத் தேர்வான இருபத்தைந்து டிப்ளமோக்காரர்களுக்கு அங்கே ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்தார்கள். டிசம்பரில் பரீட்சை. பாஸானால் விமானம், இல்லாவிட்டால் பழையபடி ஏதாவது கம்பெனி லைனில் நைட் ஷிஃப்ட். ஆனால் கற்றுக்கொடுக்க ஆள் நிலைக்கவில்லை. முதலில் வந்த ஆசிரியர் மே மாத வெயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். இரண்டாமவர் குளியலறையில் ஒரு தவளையைப் பார்த்தார். மறுநாள் காலை தவளை மட்டும்தான் இருந்தது.

மூன்றாவதாக வந்தவர் யுமிகோ மிஸ். ஐம்பது வயதைத் தாண்டியவர், குள்ளமாக, ஒல்லியாக இருப்பார், எதைச் சொன்னாலும் குனிந்து வணங்குவார். அவர் வந்த அன்றே மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாபு, இந்தம்மா டிசம்பர் வரைக்கும் இருந்தாகணும். இவங்களும் கெளம்பிட்டா சென்டரையே இழுத்து மூடிடுவாங்க. அந்தப் பசங்க கதி இன்னா, உன் கதி இன்னா, யோசிச்சுக்கோ. இவங்க நம்ம ஊரு மாதிரி ஃபீல் பண்ணணும். அது உன் பொறுப்பு."

பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்குச் சாமி வந்துவிடும். வடக்குப்பட்டில் ரோஸி அக்கா வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்தேன். கொசுவலை, கெட்டில், தவளை நுழையாதபடி குளியலறைக்கு வலை (இரண்டு சுற்று) எல்லாம் ஏற்பாடு செய்தேன். சிம் கார்டு மட்டும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்பதால் இழுத்துக்கொண்டே போனது. ஒரு வாரமாக அவருக்குப் போன் இல்லை. வகுப்பில் அவர் எது கேட்டாலும் பையன்கள் பயந்துபோய் "ஹாய்" என்று ஜப்பானிய மொழியில் ஆமாம் போடுவார்கள். அதற்கு மேல் யாரும் வாயைத் திறப்பதில்லை. சாயந்தரம் ஆனால் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"இன்னா பாபு, அந்தம்மா வந்து எட்டு நாளாச்சு, இன்னும் பொட்டியப் பிரிக்கவே இல்ல" என்றார் ரோஸி அக்கா. "துணிய எடுக்கறாங்க, தோச்சு மடிச்சு திரும்ப அதுலயே வைக்கறாங்க. ஒரு வூட்ல தங்கப் போறவங்க செய்யற வேலையா இது?"

எந்த நிமிஷமும் கிளம்பிவிடுவார் என்று எனக்குப் புரிந்தது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

இங்கே நான் ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சரிதான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வரவேற்பறையில் மாட்ட டீச்சரின் போட்டோவைப் பெரிதாக்கி ஃப்ரேம் போடச் சொன்னது மேனேஜர். போட்டேன். பிரிண்டரில் கலர் மை தீர்ந்திருந்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். பூஜைக்கு மேசை போட்டு கம்ப்யூட்டர், புரொஜெக்டர், புத்தகங்கள், மார்க்கர் பேனா எல்லாவற்றையும் வைத்தேன். கருவிகளுக்கே இவ்வளவு மரியாதை என்றால் கற்றுக்கொடுக்கிறவருக்கு வேண்டாமா என்று தோன்றியது (அந்தக் 'கொஞ்சம் சேர்த்து' இங்கேதான் தலைகாட்டியது). படத்தை நடுவில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது படத்தின் நெற்றியிலும் ஒரு பொட்டு. சாமந்தி மாலையில் ஒன்று மிச்சம் இருந்தது. அதை ஏன் வீணாக்க வேண்டும்? படத்துக்குச் சாற்றினேன். எதிரே குத்துவிளக்கு, வாழைப்பழம், ஊதுபத்தி.

இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். கண்ணுக்கு நிறைவாக இருந்தது. பொரி கடலை வாங்க வல்லக்கோட்டைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது மணி பத்தரை. வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே சத்தமே இல்லை. இருபத்தைந்து பேரும் தரையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக ரோஸி அக்கா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். வகுப்பு லீடர் முத்துராஜ், வள்ளியூர்க்காரன், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன சார் இது? நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தானே இருந்தாவ?"

"யாரு?"

"நம்ம மிஸ்ஸு சார். இறந்துட்டாவள்லா."

பொரி மூட்டை கையிலிருந்து நழுவியது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். வெயிலா, கொசுவா, நான் கட்டிய வலை தடுக்கி விழுந்தாரா என்று என்னென்னவோ ஓடியது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மற்றவர்களைவிடச் சத்தமாக நான்தான் அழுதேன் என்று முத்துராஜ் இன்றைக்கும் சொல்கிறான். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றே தோன்றியது.

"எப்படிடா? உனக்கு யாரு சொன்னா?"

முத்துராஜ் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீங்கதானே சார் படம் வச்சிருக்கிய!"

நான் மேசையைத் திரும்பிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம், நெற்றியில் பொட்டு, மாலை, விளக்கு, ஊதுபத்திப் புகை. எங்கள் பெரியப்பா கருமாதிக்குக்கூட நான் இவ்வளவு திருத்தமாகச் செய்ததில்லை.

"ஐயையோ, டேய், அது சும்மா பூஜைக்குடா!" என்று கத்துவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் ஆளுயர ரோஜா மாலை. முத்துராஜ் படத்தை போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸப் குரூப்பில் கைகூப்பும் பொம்மையோடு போட்டிருந்தான். அதைப் பார்த்து மேனேஜர், தலைமை அலுவலகத்துக்கு இரங்கல் செய்தியே அனுப்பிவிட்டார். டீச்சரைத் தேடி வந்த ரோஸி அக்காவோ, விடியற்காலையிலேயே வெளியே போன அம்மா இன்னும் திரும்பவில்லை, போனும் இல்லை என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியிருந்தார்.

அப்போது வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. யுமிகோ மிஸ் இறங்கினார். கையில் ஒரு பொரிப் பொட்டலம். செருப்புகளைப் பார்த்துவிட்டு, தன் ஷூவையும் கழற்றி அழகாகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஏசுவே!" என்று ரோஸி அக்கா போட்ட சத்தம் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் வரைக்கும் கேட்டிருக்கும். ஓடிப்போய் டீச்சரைக் கட்டிக்கொண்டு, உயிர் இருக்கிறதா என்று கன்னம், கை, தோள் என்று தடவிப் பார்த்தார். யுமிகோ மிஸ் அந்தப் பிடியிலிருந்தபடியே மேசையைப் பார்த்தார். அவர்கள் ஊரிலும் இறந்தவர்களுக்குக் கறுப்பு வெள்ளைப் படம், பூ, ஊதுபத்திதானாம் (இது எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தால் அங்கேயே மயங்கியிருப்பேன்). மெதுவாக நடந்து போய், தன் படத்தின் முன்னால் நின்று, கைகூப்பிக் குனிந்து வணங்கினார். பிறகு என்னைப் பார்த்து, அவர்கள் ஊர் மரியாதைப்படி பேரோடு 'சான்' சேர்த்து, இங்கிலீஷில் கேட்டார்.

"பாபு சான், இது எப்போது நடந்தது?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் அந்த நொடியில் என்னைக் கைவிட்டது. "சாரி மேடம், பூஜை மேடம், யூ நோ டெட் மேடம்" என்று உளறினேன். முத்துராஜ்தான், ஒரு வாரமாக வாயே திறக்காதவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு தப்பும் தவறுமான ஜப்பானிய மொழியில் நடந்ததை முழுக்கச் சொன்னான். அவன் திணறிய இடத்தில் இன்னொருவன் சொன்னான். அதற்கப்புறம் இருபத்தைந்து பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

அவர் சிவந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாரும் எனக்காகவா அழுதீர்கள்?"

"ஹாய்" என்றார்கள். முதல் தடவையாக அது உண்மையான ஹாய்.

யுமிகோ மிஸ் சிரிக்க ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய நிறுத்தாமல் சிரித்தார். ரோஜா மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற மேனேஜர், சட்டென்று அதை அவர் கழுத்திலேயே போட்டு "வெல்கம் டு ஒரகடம், மேடம்" என்றார். (அந்த சமயோசிதத்தால்தான் அவர் மேனேஜர், நான் அசிஸ்டென்ட்.)

"செத்துட்டதா சேதி வந்துச்சுன்னா ஆயுசு கெட்டி, அம்மா" என்று ரோஸி அக்கா அவருக்குத் தமிழிலேயே ஆறுதல் சொன்னார். மறுநாள் எனக்கும் ஒரு ஆறுதல் சொன்னார்: "பாபு, பொட்டி காலி. மடக்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாங்க." அதைக் கேட்டு மொட்டை வெயிலில் நின்று அழுதேன். இந்தத் தடவை சரியான காரணத்துக்கு.

அவர் டிசம்பரைத் தாண்டி நான்கு வருஷம் இருந்தார். அந்த பேட்ச்சில் இருபத்திரண்டு பேர் பாஸ். முத்துராஜ் இப்போது ஜப்பானில் இருக்கிறான். என்னையும் பர்மனென்ட் ஆக்கினார்கள், பூஜைப் பொறுப்பு தரக்கூடாது என்று வாய்மொழியாக ஒரு நிபந்தனையோடு.

ஊருக்குத் திரும்புகிற அன்றுதான் யுமிகோ மிஸ் ஒரு விஷயம் சொன்னார். அந்த ஆயுத பூஜை காலையில் அவர் சிங்கப்பெருமாள் கோவில் டவுனுக்குப் போனது, ஜப்பானுக்கே திரும்பிப் போக டிக்கெட் போடத்தானாம். டிராவல்ஸ் கடைக்காரர், கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டோம், இன்றைக்குத் தொடக்கூடாது, நாளைக்கு வாருங்கள் என்று ஒரு பொரிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாராம். அந்த மறுநாள் வரவே இல்லை என்றார்.

அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், குங்குமப் பொட்டோடு. இங்கே எங்கள் வீட்டில், பள்ளிக்கூடத்தில் போட்டோ கேட்டால், "அப்பா கையில மட்டும் குடுக்காதம்மா" என்று என் மகள் தன் படத்தைப் பீரோவில் ஒளித்து வைக்கிறாள். வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்று காலையில் ஜப்பானிலிருந்து வீடியோ கால் வரும். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவாள். சுவரில் மாட்டிய அந்தப் படத்துக்குப் பக்கத்தில், முழுக்க நரைத்த தலையோடு யுமிகோ மிஸ் நிற்பார். ரோஸி அக்காவிடம் கற்ற தமிழில், வருஷம் தவறாமல் அதே வார்த்தைகளைத்தான் சொல்வார்.

"இன்னா பாபு, மாலைய எடுத்துடு. நான் உயிரோடதான் கீறேன்."