நான் திறந்து போட்ட ஐந்து குழாய்கள்

ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை வெளியூர்க்காரர் யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஆனால் நான் பாளையங்கோட்டைக்காரி, தாமிரபரணிக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. அதனால் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. (அறுபத்து மூன்று பிள்ளைகள் சாட்சிக்கும் இருக்கிறார்கள்.)

எங்கள் பக்கம் அல்வா ருசித்தால் தண்ணீர்தான் காரணம் என்போம். பிள்ளை நல்ல மார்க் வாங்கினாலும் தண்ணீர்தான் காரணம் என்போம். அந்தத் தண்ணீர் ஒரு நாள் குழாயில் வரவில்லை என்றால், எல்லாக் குழாய்களையும் திறந்து போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். வரும்போது சத்தம் கேட்கும், ஓடிப்போய் குடத்தை வைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எனக்கு முப்பத்தோரு வயது வரை யாரும் சொன்னதில்லை.

அந்த வயதில் நான் அறிவியல் ஆசிரியை. நீர் சேமிப்பு பற்றி இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும்போது வெறும் மெர்சி டீச்சராகப் போனவள், திரும்பும்போது 'கருத்தாளர்' ஆகிவிட்டேன். கருத்தாளர் என்றால் மற்ற பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் கருத்துச் சொல்கிறவர். என் கணவர் சாம் கேட்டார்: "இதுக்குத் தனியாப் பயிற்சி வேற குடுத்தாவளா? வீட்ல நாள்பூரா அதத்தானே நீ செய்யுத?"

எனக்குக் கொடுத்த முதல் பள்ளி உவரிக்குப் போகிற பாதையில், தேரி மண் பரந்து கிடக்கிற பக்கம். இறங்கிப் பார்த்தால் சிவப்பு மணல், பனை, உடைமரம். மழை எப்போதாவது பெய்தாலும் மண் அப்படியே குடித்துவிடும், ஈரம்கூட மிஞ்சாது. நானோ புதுப் புடவையும் கையில் சுருட்டிய சார்ட்டுமாக, இந்த ஊரைக் காப்பாற்ற வந்தவள் மாதிரி நடந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பார்த்து எரிச்சலாக வருகிறது.

தலைமையாசிரியை வசந்தா டீச்சர் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைக்கும் நேரத்தில், நான் செயல்முறை விளக்கத்துக்கு இடம் பார்க்கப் போனேன். சொட்டும் குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்து, வகுப்பு முடியும்போது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். பயிற்சியில் எல்லோரும் கைதட்டிய ஐடியா அது. பள்ளியின் பின்சுவரில் ஐந்து குழாய்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றிலும் தண்ணீர் இல்லை. பக்கத்தில் சுவரோரமாக ஒரு வால்வு, அதன் கைப்பிடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மாடியில் கறுப்புத் தொட்டி தெரிந்தது. யாரோ பொறுப்பில்லாமல் கட்டிப் போட்டுவிட்டார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்து வால்வைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"டீச்சர், பிள்ளைய எல்லாம் உக்காந்துட்டு, வாங்க" என்று வசந்தா டீச்சர் கூப்பிட்டார். போய்விட்டேன். குழாய்களை மூடவில்லை. வந்தால் சத்தம் கேட்கும்தானே.

பாடம் அமர்க்களமாகத் தொடங்கியது. "பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தேய்ப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். ஒரு கைகூட எழவில்லை. பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்து, "உண்மையைச் சொல்ல வேண்டும்" என்று கண்டிப்பான முகத்தை வைத்துக்கொண்டேன்.

முன்வரிசையில் ஏழாம் வகுப்பு ஜெனிபர் எழுந்தாள். இரட்டைச் சடை, நேர்ப் பார்வை. "டீச்சர், எங்க வீட்ல குழாய் கிடையாது. தெருக்குழாய்தான். அதுலயும் எட்டு நாளைக்கு ஒருக்காதான் வரும்."

"அப்படியா? எந்த ஆற்றுத் தண்ணீர் வருகிறது?"

"தாமிரவரணித் தண்ணி டீச்சர். உங்க ஊர்லேருந்துதான் வருது."

அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டைத் தாண்டி, ஊர் ஊராக எடுத்தது போக மிச்சம் வந்து சேர்கிற கடைசி ஊர் அது. நானோ "நல்லது, உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த சார்ட்டை விரித்தேன். அதில் ஒரு குளியல் தொட்டி, நுரை ததும்ப ஒருவர் படுத்திருக்கிறார். 'இதைத் தவிர்ப்போம்' என்று கீழே எழுதியிருந்தது.

"டீச்சர், அது வள்ளமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைக்கு அது படகாகத்தான் தெரிந்தது. குளிக்கிற தொட்டி என்றேன். "அம்புட்டுத் தண்ணியிலயா?" என்று வகுப்பே வாயைப் பிளந்தது. அதுவரை அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாத பிள்ளைகளுக்கு, நான்தான் போய் அறிமுகம் செய்து வைத்தேன்.

பிறகு கோஷம். 'துளித் துளியாய்ச் சேமிப்போம்!' என்று நானே எழுதியது. பிள்ளைகள் சொன்னது எனக்குப் போதவில்லை. "பக்கத்து ஊருக்குக் கேட்க வேண்டும்!" என்றேன். கேட்டிருக்கும். அறுபத்து மூன்று தொண்டைகள், கால் மணி நேரம். அந்தச் சத்தத்தில் பின்சுவர்ப் பக்கம் என்ன நடந்தாலும் யார் காதில் விழப்போகிறது?

விழுந்தது ஒரு அலறல்தான். சத்துணவுச் சமையல்காரர் சூசையம்மாள் அக்கா, காய்கறி வாங்கப் போனவர், திரும்பி வந்து கத்தினார்: "எந்தப் பாவி இந்தக் கட்ட அவுத்தது?"

எல்லோரும் ஓடினோம். ஐந்து குழாய்களும் திறந்து கிடந்தன; அடைத்திருந்த காற்று போனதும் தண்ணீர் வந்து கொட்டியிருக்கிறது. ஒன்றில் மட்டும் கடைசிச் சொட்டு. கீழே சேறு இல்லை, குட்டை இல்லை, ஒரு தொட்டித் தண்ணீரையும் தேரி மண் சத்தமில்லாமல் விழுங்கியிருந்தது. மணல் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்கிறேன், நாய், காற்று, காக்கை என்று மூன்று பேர்மேல் பழி போட யோசித்தேன். அதற்குள் ஜெனிபர் என்னைப் பார்த்துவிட்டாள்.

"நான்தான்க்கா" என்றேன்.

சூசையம்மாள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "நீங்களா டீச்சர்? பாவின்னு சொன்னத மனசுல வச்சுக்கிடாதிய" என்றார். அப்புறம் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சனிக்கிழமைதான் அடுத்த தண்ணி. இன்னைக்குச் சோறு பொங்க ஒரு சொட்டு கிடையாது. இதுவள்ல பாதி காலையில வெறும் வயித்தோட வந்தது. அப்பன் ஆத்தா வேலைக்குப் போயிருப்பாவ, வீட்லயும் ஒண்ணும் இருக்காது."

அன்றைக்குப் புதன்கிழமை. மணி பதினொன்றே முக்கால். தண்ணீர் லாரிக்குப் போன் செய்தேன், நாளைக்குத்தான் வர முடியும் என்றார்கள். பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பரிதாபம்தான் இருந்தது.

வசந்தா டீச்சர் என்னைத் திட்டவில்லை. பெரிய பிள்ளைகளிடம், "வீட்டுக்கு ஒரு குடம் கேட்டுப் பாருங்க" என்றார். "நானும் போகிறேன்" என்றேன். சூசையம்மாள் அக்கா ஒரு குடத்தை என் இடுப்பில் ஏற்றி, ஜெனிபரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

முதல் வீட்டில் ஒரு பெண் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா என்னை அறிமுகப்படுத்தினார்: "இவிய பாளையங்கோட்டை டீச்சர். தண்ணியச் சிக்கனமா செலவழிக்கணும்னு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்க வந்திருக்காவ. தொட்டித் தண்ணி பூராத்தையும் மண்ணுக்கு விட்டுட்டாவ. ஒரு குடம் குடு." இரண்டாவது வீட்டிலும் இதே வாசகம், ஒரு எழுத்து மாறவில்லை. மூன்றாவது வீட்டில் அக்கா வாயைத் திறக்கும் முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

அந்த மூன்றாவது வீட்டுக்காரி சிரிக்கவில்லை. உள்ளே ஏழு குடங்கள் மூடி போட்டு வரிசையாக இருந்தன. கண்ணாலேயே ஒரு கணக்குப் போட்டுவிட்டு, ஒன்றைத் தூக்கி என் குடத்தில் ஊற்றினார். வெளியே ஒரு சொட்டு சிந்தவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"துணி துவைக்க வேண்டாம், அம்புட்டுத்தான்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். "வெயில்ல வந்திருக்கிய. மொதல்ல குடிங்க."

வீட்டில் நான் அரை டம்ளர் குடித்துவிட்டு மிச்சத்தைச் செடியில் கொட்டுகிறவள். அன்றைக்கு டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். எங்கள் வீட்டில் குடிக்கிற அதே தண்ணீர்தான். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, வியர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது என் குடம் இரண்டடிக்கு ஒரு தடவை தளும்பியது. ஜெனிபர் பின்னாலேயே வந்தவள், "நில்லுங்க டீச்சர்" என்று பனையோலைக் கிழிசல் ஒன்றைத் துடைத்துக் குடத்துக்குள் மிதக்க விட்டாள். "இப்ப தளும்பாது. பைய நடங்க. குடத்தப் பாக்காதிய, பாதையப் பாருங்க." இரண்டு நாள் பயிற்சியில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தளும்பல் நின்றது.

சோறு வெந்து இறங்க மணி இரண்டாகிவிட்டது. ஒரு பிள்ளையும் பசி என்று சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, தட்டுகளை மூன்று சட்டிகளில் ஒன்றன் பின் ஒன்றாக முக்கிக் கழுவினார்கள். கடைசியில் அந்தக் கழுவிய தண்ணீரும் முருங்கை மரத்துக்குப் போனது. நான் என் சார்ட்டுகளைச் சுருட்டி, மேல்பக்கம் தெரியாதபடி பைக்குள் திணித்தேன்.

கிளம்பும் முன் பிள்ளைகளிடம் ஒரு படிவம் நிரப்பி வாங்க வேண்டும் என்பது விதி. கொடுக்காமல் நழுவப் பார்த்தேன். வசந்தா டீச்சர் விடவில்லை. "குடுங்க டீச்சர். எங்க பிள்ளைய பொய் எழுதாது" என்றார். (அதுதானே என் பயமும்!)

பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். 'இன்று என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் 'குழாயைத் திறந்தால் மூட வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை 'அது வள்ளம் இல்லை' என்று எழுதியிருந்தது. 'இனி என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு ஜெனிபர் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தாள்: 'டீச்சர் மறுபடியும் வந்தால் தண்ணீர் பக்கம் தனியாக விட மாட்டோம். கூடவே போவோம்.'

சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் மீன்கூடையோடு இருந்த பெண் பயந்துபோய்க் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் அதே பள்ளிக்கு மறுபடியும் போனேன், இந்தத் தடவை சார்ட் இல்லாமல், கேட்டுத் தெரிந்துகொள்ள. நடுவில் கை கழுவ எழுந்தேன். ஜெனிபர் தானும் எழுந்து என் பின்னாலேயே வந்தாள். டம்ளரில் மொண்டு அவளே ஊற்றினாள். சோறு தாமதமான அந்த நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வீட்டில் அப்படி இல்லை. படிவத்தைச் சாமிடம் காட்டியது நான் செய்த இரண்டாவது தப்பு. அன்றிலிருந்து நான் பாத்திரம் கழுவ எழுந்தாலே, "மெர்சி, கூட வரட்டா?" என்பார். விருந்தாளிகள் முன்னாலும் கேட்பார். பிறகு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். இப்போது அவளுக்கு நாலு வயது. நான் குழாய்ப் பக்கம் போனால் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு, "கூட வரட்டாம்மா?" என்று ஓடி வந்து என் புடவையைப் பிடித்துக்கொள்கிறாள். அவளுக்கு அந்தக் கதை தெரியாது. அம்மா தண்ணீர் பக்கம் போனால் யாராவது கூடப் போக வேண்டும் என்பது மட்டும் தெரியும்.