தொக்மோக்கில் கால் வளர்த்த அப்போஸ்தலர்

தொக்மோக் நகரத்தில் அந்தக் குளிர்காலத்தில் கால்கள் வளர்ந்தன. சம்பளம் வளரவில்லை. கொல்லையில் கொட்டிய நிலக்கரி வளரவில்லை. ஆனால் பழைய சினிமாக் கொட்டகைக்குள் போய் வந்தவர்களுக்கெல்லாம் கால் வளர்ந்தது.

வளர்த்தவர் அப்போஸ்தலர் அர்காதி. எல்லை தாண்டி அல்மாட்டியிலிருந்து வந்தவர். அப்போஸ்தலர் பட்டம் யார் கொடுத்தது என்று கேட்டால் "பரலோகம்" என்பார். அங்கே போய் விசாரித்துவிட்டு வர யாருக்கு வசதி?

வேன்களில் ஆள்மேல் ஆளாக அடைத்துக்கொண்டு ஜனம் வந்தது. விசுவாசிகள் வந்தார்கள். விசுவாசமே இல்லாதவர்களும் முதுகுவலியைச் சுமந்துகொண்டு வந்தார்கள். முதுகுவலி, தலைவலி, மருமகள் மதிக்காதது, எல்லாவற்றுக்கும் அப்போஸ்தலரிடம் ஒரே காரணம்தான் இருந்தது: ஒரு கால் குட்டை. நாற்காலியில் உட்காரவைத்துக் காலை நீட்டச் சொல்வார். இரண்டு பூட்ஸ் குதிகால்களையும் உள்ளங்கையில் ஏந்துவார். "பாருங்கள், இடது கால் எவ்வளவு குட்டை!" கூட்டம் "ஐயோ" என்னும். "எல்லோரும் கண்ணை மூடி ஜெபியுங்கள்!" மூடுவார்கள். திறந்தால் இரண்டு காலும் சமம். அல்லேலூயா! காணிக்கைப் பை சுற்றி வரும். அந்தப் பை சுற்றும்போது மட்டும் யாரும் கண்ணை மூட வேண்டியதில்லை.

அதே ஊரில் எர்மெக் என்று ஒரு போதகர் இருந்தார். சபை கூடுவது அவர் வீட்டுக் கூடத்தில். அவர் பிரசங்கத்தில் அதிசயம் ரொம்பக் குறைவு. குடித்துவிட்டு மனைவியை அடிக்காதே, பக்கத்து வீட்டுக்காரன் மசூதிக்குப் போகிறவன் என்றாலும் அவன் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடு, இப்படித்தான் போகும். இதற்கெல்லாம் உடம்பு வளைய வேண்டும். உட்கார்ந்த இடத்தில் கால் வளர்வது எவ்வளவு சுகம்! அந்த ஞாயிறு எர்மெக்கின் பிரசங்கம் கேட்க மனைவி ஜில்திஸும் பூனையும் மட்டுமே இருந்தார்கள்.

"எங்க போச்சு எல்லாம்?" என்றார் எர்மெக்.

"கால் வளக்கப் போயிருக்கு. நீங்களும் போய்ப் பாருங்க. இங்க உக்காந்து புகைஞ்சுக்கிட்டு இருந்தா அடுப்புக்குத்தான் போட்டி."

போனார். 'எனக்குப் பொறாமையா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டு போனார். கொஞ்சம் பொறாமைதான். அதை அவர் மறைத்துக்கொள்ளவில்லை.

கொட்டகையில் அப்போஸ்தலரின் கண் நேராக அவர்மேல் விழுந்தது. "இதோ ஒரு மேய்ப்பர்! மேய்ப்பருக்கே கால் குட்டையானால் மந்தை எப்படி நேராக நடக்கும்?" என்று கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தார். உட்காரவைத்தார். குதிகாலை ஏந்தினார். ஊரே கண்ணை மூடியது. பூட்ஸ் குதிகாலைவிட்டு ஒரு விரல் அளவு நழுவியதை எர்மெக் தெளிவாக உணர்ந்தார். கால் இருந்த இடத்திலேயே இருந்தது. பூட்ஸ்தான் வெளியே வந்திருந்தது.

"சமம்! சமம்!" கூட்டம் குதித்தது. எர்மெக் வாயைத் திறந்தார். முன்வரிசையில் தன் சபையார் அழுதுகொண்டு சிரிப்பதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பேசாமலே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் சாய்ரா வந்தாள். சந்தையில் ரொட்டி சுட்டு விற்பவள். பிறவியிலேயே இடுப்பு மூட்டு கோணல். நிஜமாகவே இடது கால் குட்டை. தலைநகர் பிஷ்கெக் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்கு அலைந்து திரிந்து இப்போதுதான் நாள் கிடைத்திருந்தது.

"ஆபரேஷன் வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன் போதகரே," என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஏம்மா?"

"கத்திக்குப் போனா அவிசுவாசமாம். அப்போஸ்தலரே எனக்கு வளத்துவிடுறேன்னு சொல்லிருக்கார். எனக்கும் முதல்ல சந்தேகம்தான். உங்களுக்கே வளந்துச்சில்ல? அப்பறம் என்ன சந்தேகம்!"

அவள் நொண்டிக்கொண்டே தெருமுனை திரும்பும்வரை எர்மெக் ஜன்னலில் நின்றார். பிறகு ஜில்திஸிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"வளரல. பூட்ஸ்தான் நகந்துச்சு."

"அங்கேயே சொல்றதுக்கென்ன?"

"வாய் வரல."

"எனக்கும் பூனைக்கும் மட்டும் மணிக்கணக்கா வருதே!" ஜில்திஸ் மாவுக் கையைத் துடைத்தாள். "சரி, ஆட்டுக்கறி ஆக்குறேன். அந்த மனுஷனைச் சாப்பிடக் கூப்பிடுங்க. சாய்ராவையும் கூப்பிடுங்க. நம்ம வீட்டுக்குள்ள பூட்ஸோட எவன் வர்றான்னு நான் பாக்குறேன்."

கறி என்றதும் அப்போஸ்தலர் வந்தார். அவர் பின்னால் பாதி ஊர் வந்தது. எர்மெக்கின் அண்ணன் குபாத்தும் வந்திருந்தான். டாக்சி ஓட்டுபவன், வெள்ளிக்கிழமை தவறாமல் தொழுகைக்குப் போகிறவன், தம்பி மதம் மாறி வேதத்துக்குப் போனதை இன்னும் மன்னிக்காதவன். ஆனால் கறியின்மீது அவனுக்கு எந்தக் கோபமும் இல்லை.

வாசலில் எல்லோரும் பூட்ஸைக் கழற்றினார்கள். அப்போஸ்தலர் தயங்கினார். ஜில்திஸ் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கழற்றினார். ஓட்டைக் காலுறை வழியாகப் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

சாப்பாடு முடிந்ததும் சாய்ரா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"பூட்ஸைப் போட்டுக்கொள் மகளே," என்றார் அப்போஸ்தலர்.

"என் கம்பளத்துலயா?" என்றாள் ஜில்திஸ். "மோசேகிட்டயே ஆண்டவர் செருப்பைக் கழட்டுன்னுதான் சொன்னார். நீங்க மாட்டச் சொல்றீங்களே, எந்த ஆண்டவர்கிட்ட வேலை பாக்குறீங்க?"

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். அப்போஸ்தலர் கம்பளிக் காலுறைக் குதிகால்களை ஏந்தினார். "எல்லோரும் கண்ணை மூடுங்கள்!"

"தொறந்தே இருங்க," என்றார் எர்மெக். "நாம பாத்தா கூச்சப்படுற அதிசயம் என்ன அதிசயம்?"

ஜெபம் நடந்தது. சத்தமாக நடந்தது. அப்போஸ்தலரின் நெற்றியில் வியர்வை வந்தது. கால் வரவில்லை. பிடித்து இழுத்தார். "ஐயா, வலிக்குது!" என்று சாய்ரா கத்தினாள்.

"இந்த வீட்டில் அவிசுவாசம் இருக்கிறது!" அப்போஸ்தலரின் விரல் சுற்றிவந்து குபாத்தின்மேல் நின்றது.

"என்னையா சொல்றீங்க? நான் சாப்பிட வந்தவன்யா!"

"அண்ணே, எந்திரிங்க," என்றார் எர்மெக். "வாசப்படிக்கு வாங்க. பூட்ஸை மாட்டுங்க. உக்காருங்க."

குபாத் உட்கார்ந்தான். எர்மெக் குதிகால்களை ஏந்தினார். எல்லோரும் பார்க்கப் பார்க்க, வலது பூட்ஸை விரலால் மெல்ல இழுத்தார். வலது கால் வளர்ந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு இடதை இழுத்தார். இடது கால் வளர்ந்தது. மறுபடி வலது.

"டேய் தம்பி, போதும்டா! இப்படியே வளத்தா ஒட்டகமாயிருவேன், டாக்சிக்குள்ள எப்படி உக்கார்றது?"

வீடு அதிரச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அப்போஸ்தலர் வாசலைத் தாண்டினார். அவசரத்தில் ஒரு காலில் தன் பூட்ஸ், மறுகாலில் யாருடையதோ. காணிக்கைப் பையை மட்டும் சரியாக எடுத்துக்கொண்டு, பனியில் நொண்டி நொண்டி ஓடினார்.

இதோடு கதை முடிந்தது என்று எர்மெக் நினைத்தார். ஊரை அவர் குறைவாக எடைபோட்டுவிட்டார். சபையில் எப்போதும் பின்வரிசையில் உட்காரும் ரோசா அக்கா கண்ணீரோடு முன்னால் வந்தாள். "போதகரே, அபிஷேகம் உங்க கையிலயே இருந்திருக்கே! இத்தன நாள் மறைச்சுட்டீங்களே! எனக்கும் இந்த இடது காலைக் கொஞ்சம்..." அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

"ஏமாத்துன்னு இப்பத்தானே செஞ்சு காட்டுனேன்!" என்று எர்மெக் கத்தினார். அவர் வீட்டில் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "எனக்கும் கால் வளரல. மேடையில பூட்ஸ் நழுவுனது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

சாய்ரா அவரையே பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"அவன் அந்நியன், பொழைக்க வந்தவன்," என்றாள் அவள். "அவனுக்காகவா ஆபரேஷனை விட்டேன்? உங்களை நம்பித்தானே விட்டேன்."

மறுநாள் காலையில் எர்மெக் அவளோடு வேன் ஏறி பிஷ்கெக் போனார். டாக்டரம்மா இருவரையும் நிற்கவைத்துத் திட்டினார். திட்டு முழுவதையும் போதகர் வாங்கிக்கொண்டார். வசந்தத்துக்கு வேறு நாள் கிடைத்தது. சிகிச்சை முடிந்து சாய்ரா ஊன்றுகோலோடு சந்தைக்குத் திரும்பினாள். நாளடைவில் கோலையும் விட்டாள். போதகரோடு பேச மட்டும் அவளுக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ரோசா அக்கா மெதுவாகக் கேட்டாள். "போதகரே, காராபால்தா ஊர்ல ஒருத்தர் தொட்டாலே கண்ணு தெரியுதாம். சபையா ஒரு வேன் பிடிச்சுப் போலாமா?"

எர்மெக் வேதப் புத்தகத்தை மூடிவைத்தார்.

"தாராளமா போங்கக்கா. கழுத்துக்கு மேல ஆண்டவர் தலைன்னு ஒண்ணு வெச்சது குளிருக்குத் தொப்பி மாட்ட மட்டும்தான்னு நெனச்சா, இன்னைக்கே வேன் ஏறுங்க."