உன் அப்பா பேசும் றேஸ் பாஷை

ஆரையம்பதி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகள் உசாந்திக்கு,

மாமா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் என் பழக்கம். இம்முறை 'எல்லோரும்' என்ற சொல்லை எழுதப் பேனை தயங்குகிறது. ஆகவே அதைப் 'பெரும்பாலானோர்' என்று திருத்தி வாசித்துக்கொள். உன் நலம் அறிய ஆவல் என்பதில் திருத்தம் எதுவும் இல்லை.

போன கிழமை போனில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "மாமா, இந்த வருசத்துக்கு எனக்கு ரெண்டு கிழமை லீவுதான் மிச்சம் கிடக்கு. இப்ப வரட்டா, இல்லாட்டி" என்று சொல்லி நிறுத்திவிட்டாய். அந்த 'இல்லாட்டி'க்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று எனக்கு விளங்கியது. நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் உன் அம்மா போனைப் பறித்து அழத் தொடங்கிவிட்டாள். நம் வீட்டில் போன் வழியாகச் செய்தி போவதைவிட அழுகை போவதுதான் அதிகம். அதனால் எழுதுகிறேன். உன் தம்பியின் மகள் நிருஷா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்புவாள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து, தேநீர் ஊற்றிக்கொண்டு, ஆறுதலாக வாசி.

பாரிசவாதம் வந்த பிறகு உன் அப்பாவின் வலது கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சும் போய்விட்டது என்று உனக்குச் சொன்னோம். அது முழு உண்மை இல்லை. டொக்டர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார்: இவருக்குக் காது கேட்கும், நாம் சொல்வது விளங்கும், சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும், வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. சிலருக்கு நாக்கில் ஊறிய சொற்கள் மட்டும் தப்பி நிற்குமாம். சிலரிடம் தேவாரம் மிஞ்சும், சிலரிடம் வாய்ப்பாடு மிஞ்சும். உன் அம்மா தேவாரத்துக்காகக் காத்திருந்தாள். ஒரு காலையில் அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு முதலடியையும் எடுத்துக் கொடுத்தாள். உன் அப்பா கண்ணைத் திறந்து, மிகத் தெளிவாக, "பேவரிட்" என்றார்.

மகள், உன் அப்பாவிடம் மிஞ்சியது றேஸ் புக்கியின் பாஷை. இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கும் நாய்க்கும் நம் ஆட்கள் மட்டக்களப்பு டவுனில் ஒரு அறைக்குள் இருந்து காசு கட்டுகிறார்களே, அந்த அறையின் பாஷை. வயலில் பேசியதும் போய், வீட்டில் பேசியதும் போய், கலியாண வீட்டில் பகிடி விட்ட பேச்சும் போய், இது மட்டும் நிற்கிறது. நான் காலம் முழுக்கச் சொற்களைப் படிப்பித்தவன். கடைசியில் எந்தச் சொல் நிற்கும் என்று தெரியாமல்தானே அத்தனையையும் படிப்பித்தேன்.

பாஷை தெரியாத வீட்டில் நடந்தவற்றைச் சொல்கிறேன். எப்படி இருக்கு என்று யார் கேட்டாலும் உன் அப்பா "பிளேஸ்" என்பார். உன் அம்மாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். படுத்த இடம் பிடிக்கவில்லை என்று முடிவு செய்து கட்டிலை யன்னலடிக்கு மாற்றச் சொன்னாள். அங்கும் "பிளேஸ்". விறாந்தைக்குக் கொண்டுபோனோம், அங்கும் அதே. உன் தம்பியும் நானும் வீடு முழுக்கச் சுமந்ததில் கட்டிலின் ஒரு கால் உடைந்து, இப்போது அந்த மூலை என் புத்தகங்களின் மேல் நிற்கிறது. என் முதுகு எதன் மேலும் நிற்க மறுக்கிறது. பிறகு சோறு வேண்டுமா இடியப்பம் வேண்டுமா என்று கேட்டால் "ஈச் வே" என்றொரு பதில். உன் அப்பாவின் கூட்டாளி, காத்தான்குடிப் புடவைக்கடை மர்சூக் நானா, கட்டில் தூக்க உதவிக்கு வந்தவர், "ஈச்சம்பழம் கேக்கிறார்" என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாளே கட்டாரில் இருந்து வந்த பேரீச்சம்பழம் ஒரு பெட்டி வந்து இறங்கியது. அவர் "ஈச் வே" என்று சொல்லும்போதெல்லாம் உன் அம்மா ஒரு பழத்தை வாயில் வைத்தாள். வாயில் பழம் இருப்பவரால் மறுக்கவும் முடியாது. சீனி வருத்தம் எகிறி மறுபடியும் ஆஸ்பத்திரி.

அங்கிருந்து வந்த பிறகு தொடங்கியதுதான் "போட்டோ". உன் அம்மாவைப் பார்த்தும் "போட்டோ", என்னைப் பார்த்தும் "போட்டோ". ஆல்பத்தைக் காட்டினோம், இடக்கையால் தள்ளிவிட்டார். அப்போது உன் அம்மா சுவரைப் பார்த்தாள். மாலை போட்டு மாட்டிய உன் பாட்டன்மாரின் படங்கள் அங்கே இருந்தன. தனக்கும் ஒன்று ஆயத்தம் செய்யச் சொல்கிறார் என்று நினைத்து நின்ற இடத்திலேயே சரிந்தாள். அழுதபடியே அவருடைய அடையாள அட்டையை உன் தம்பியிடம் கொடுத்து, அதிலுள்ள படத்தை ஸ்டூடியோவில் பெரிதாக்கச் சொன்னாள். ஸ்டூடியோக்காரர் ஊருக்குச் சொல்ல, ஊர் வெள்ளை வேட்டியோடு வந்துவிட்டது. பந்தல்காரர் முற்றத்தைக் காலடியால் அளந்தார். உன் அப்பா யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வந்தவர்களில் யாரோ உனக்கும் துக்கம் தெரிவித்துவிட, அதற்குப் பிறகுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

உனக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அவருடைய மனதை அறிய வேண்டும். மனதை அறிய அவருடைய பாஷையைப் படிக்க வேண்டும். ஆகவே இந்த வயதில் நான் றேஸ் புக்கிக்குள் நுழைந்தேன். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். என்னைக் கண்டதும் எழுந்து "வணக்கம் சேர்" என்று ஒரே குரலில் சொன்னார்கள்; பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை. ஒருவன் மரியாதைக்காகத் தொலைக்காட்சியைச் செய்திக்கு மாற்ற, நாய் ஓடுகிறது, மாற்றாதே என்று மற்றவர்கள் அவனை ஏசினார்கள். காசு கட்டுபவர்களுக்குப் பந்தயத் துண்டு எழுதும் திவாகரன் எனக்குக் கதிரை போட்டான். பேவரிட் என்றால் என்னவென்று கேட்டேன்.

"கன பேர் காசு கட்டுற குதிரை, சேர்" என்றான்.

"தோக்குற குதிரை, சேர்" என்றது மூலையில் இருந்து ஒரு குரல்.

"அப்ப அவுட்சைடர்?"

"ஒருத்தரும் நம்பாதது."

"நாம கட்டாத அண்டைக்கு வெல்லுறது" என்றது அதே மூலை.

ஒட்ஸ் என்பதற்கு மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். எது வெல்லும் என்று ஊர் நினைப்பதற்குப் போட்ட இலக்கமாம். ஓடுகிற குதிரைக்கு அது தெரியாதாம். எனக்கு நம் முற்றத்தை அளந்த பந்தல்காரர் ஞாபகத்துக்கு வந்தார். அவர்தான் ஒட்ஸ்.

மற்றவற்றையும் உதாரணத்தோடு சொல்கிறேன், உனக்கும் பாடமாகட்டும். பிளேஸ் என்றால், முதலாவதாக வராவிட்டாலும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தால் போதும் என்று கட்டுவது. நீ புலமைப்பரிசில் சோதனைக்குப் போன காலையில் உன் அப்பா, முதலாம் பிள்ளையாக வர வேண்டாம், வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தால் போதும் என்றாரே, அதுதான் பிளேஸ். ஆகவே எப்படி இருக்கு என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில், நல்ல சுகமில்லை, ஏதோ பரவாயில்லை என்பது. நாங்கள் கட்டிலைத் தூக்கித் திரிந்தோம். ஈச் வே என்றால் காசைப் பாதி பாதியாகப் பிரித்து வெற்றிக்கும் பிளேசுக்கும் சேர்த்துக் கட்டுவது. அதாவது சோறும் தா, இடியப்பமும் தா. பாவம், பசித்த மனிதனுக்குப் பேரீச்சம்பழம் ஊட்டியிருக்கிறோம். பெயர் கொடுத்த குதிரை ஓட வராவிட்டால் நொன் ரன்னர். நடைப்பயிற்சி கொடுக்க வரும் பிள்ளையிடம் அவர் தினமும் சொல்வது அதைத்தான். நொன் ரன்னர் என்றால் கட்டிய காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றான் திவாகரன். மனிதருக்கும் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று கேட்டேன். அவன் துண்டு எழுதத் தொடங்கிவிட்டான்.

அடுத்ததை எழுதுவதா விடுவதா என்று கன நேரம் யோசித்தேன். சனிக்கிழமை தோறும் உன் அப்பா போன் எடுத்து, "புள்ள, அங்க மழையா?" என்று கேட்பார். கடலுக்கு அங்காலும் என் தலை நனைகிறதா என்று பார்க்கிறார் என்று நீ என்னிடம் பெருமைப்பட்டாய். மகள், றேஸ் புக்கியில் அதற்குக் கோயிங் என்று பெயர். குதிரை ஓடும் தரை இறுக்கமா, ஈரமா, சேறா என்று பார்ப்பது. மண்டூர் வயல் வட்டையில் உன் அப்பாவின் உழவு மெசின் புதையும் இடத்தில் பக்கத்து வயல்காரரின் மெசின் சும்மா போகும் அல்லவா, குதிரையிலும் அப்படியாம். உன்னிடம் மழை விசாரித்துவிட்டு வந்து காசு கட்டுவதால் அங்கே அவருக்குப் பட்டப்பெயர் வானிலை. நீ இருக்கும் ஊர் வேறு, குதிரை ஓடும் ஊர் வேறு. ஆரையம்பதியில் தூறலைக் கண்டு வாகரையில் சேறு என்று முடிவு கட்டுவது போன்றது இது. அதனால் பெரும்பாலும் தோற்றார். தோற்ற பிறகும் அடுத்த கிழமை உன்னையேதான் கேட்டார். அந்தக் கேள்வியில் மகள் எவ்வளவு, குதிரை எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஈச் வே என்று வைத்துக்கொள்.

போட்டோ என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரவில்லை, கண்ணால் கண்டேன். இரண்டு நாய்கள் மூக்கோடு மூக்காகக் கோட்டைத் தொட்டன. என் பக்கத்தில் இருந்த கிழவர் தன் துண்டைக் கிழிக்கப் போனார். திவாகரன் உள்ளேயிருந்து, "கிழிச்சிராதீங்க, போட்டோ கேட்டிருக்கு" என்றான். எது முந்தியது என்று கண்ணுக்குத் தெரியாதபோது படத்தை நிறுத்திப் பார்ப்பார்களாம். அதுவரை வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. நான் முடிவைப் பார்க்க நிற்கவில்லை. பஸ் ஏறி நேரே வீட்டுக்கு வந்து, "மச்சான், முடிவு இன்னும் வரல்ல, துண்டைக் கிழிக்காதீங்க எண்டுதானே சொல்றீங்க?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "போட்டோ" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

ஆகவே உசாந்தி, என் பதில் இது. இப்போது வராதே. டொக்டரும், மாதக்கணக்கில் இழுக்கலாம், ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார். அவரும் போட்டோதான் கேட்கிறார். இந்த இரண்டு கிழமையை நீ இப்போதே செலவழித்துவிட்டால், நாங்கள் எல்லோரும் பயப்படும் அந்த நாளில் உன்னால் வர முடியாது. கொள்ளி வைக்க உன் தம்பி இருக்கிறான். ஆனால் கடைசியாக முகம் பார்க்க மகள் வரவில்லை என்று ஊர் பேசும், உன் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு மிச்சக் காலமும் இருக்க வேண்டும். லீவைக் கையில் வைத்திரு. கணக்குப்படி இது சரி. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன், விடை மாறவில்லை. எனக்குத்தான் அந்த விடையைப் பிடிக்கவில்லை.

மண்டூர் முருகன் உன்னைக் குளிரில் இருந்து காக்கட்டும். நீ பராமரிக்கும் முதியவர்களுக்கு உன் கை இதமாக இருக்கட்டும், அவர்களுடைய பிள்ளைகளும் அவர்களை வந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நலமாக இருக்கும் பெரும்பாலானோரில் ஒருவனான
உன் மாமா.

பிற்குறிப்பு: அனுப்புவதற்கு முன் உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று நிருஷா பிடிவாதமாக நின்றாள். அவரைப் பற்றி எழுதியதை அவருக்குத் தெரியாமல் அனுப்புவது முறையில்லை என்று எனக்கும் பட்டது. கட்டிலடியில் இருந்து முழுவதையும் வாசித்தேன். பேரீச்சம்பழம் வந்த இடத்தில் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். மழை வந்த இடத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். 'இப்போது வராதே' என்று வாசித்தபோது இடக்கையால் தாளைப் பிடித்து இழுத்தார். பிறகு, "புள்ள வரட்டும்" என்றார்.

அது றேஸ் சொல் இல்லை. எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்லச் சொன்னேன், சொன்னார். அப்படியும் வாத்தியார் புத்தி விடவில்லை. லீவு ஒரு முறைதான், இப்போது வந்தால் பிறகு வர முடியாது என்று விளங்கப்படுத்தப் போனேன். மூன்றாவது முறையும் அதையே சொல்லி, அதன் முடிவில் என்னைக் குறித்து ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சொல்லை நான் எழுதுவதில்லை. உன் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதே. நாளைக்கே லீவுக்கு எழுதிக் கொடு. பிறகு வர லீவு இல்லாமல் போனால் பிறகு வர வேண்டாம், ஊர் பேசினால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இப்போது அவர் ஆளை அறிந்து ஏசுகிறார். அதைக் கேட்க வா.