முதலாளியைப் பந்தியில இருந்து எழுப்புன பாஸ்வேர்டு

நேத்து காலைல எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஆபீஸ்ல எல்லாருக்கும் தனித்தனியா யூசர் கணக்கு போட்டுக் குடுக்கணும். டீ நேரத்துக்குள்ள முடிஞ்சிரும்னு நெனச்சேன்.

ராஜபாளையத்துல ஒரு பேண்டேஜ் கம்பெனியில கம்ப்யூட்டர் பாக்குறவன் நான். பில், ஸ்டாக், லோடு எல்லாமே சர்வர்ல ஒரே டேட்டாபேஸ்லதான் இருக்கு. இதுவரைக்கும் ஒன்பது பேரும் ஒரே பேர்ல, ஒரே பாஸ்வேர்டுலதான் உள்ள போவோம். அந்தப் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டுல எழுதி மானிட்டர்ல ஒட்டியிருப்போம். டீ கொண்டுவர்றவருக்குக்கூட அது மனப்பாடம்.

போன வாரம் இருநூறு பெட்டி கேட்டவங்களுக்கு இருபது பெட்டி போயிருச்சு. யார் மாத்துனதுன்னு கேட்டா யாருமே இல்ல. முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கணக்கு, வேலைக்கு ஏத்த உரிமைன்னு சொல்லிட்டாரு.

முதல்ல அவர் கணக்கைப் போட்டேன், முழு உரிமையோட. பாஸ்வேர்டு அடிக்கும்போது என்னைத் திரும்பி நிக்கச் சொன்னாரு. நானும் சமத்தா சுவரைப் பாத்து நின்னேன். அதுக்குப் பொறவு அவரு குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கக் குடும்பத்தோட செண்பகத்தோப்புக்குக் கிளம்பிட்டாரு.

பழைய பொதுக் கணக்கை மூடினேன். எனக்கு முழு உரிமை. மத்த எட்டு பேருக்கும் இப்போதைக்குப் 'படிக்க மட்டும்'. திறந்து பாக்கலாம், எதையும் மாத்த முடியாது. பொறவு ஆளுக்கு ஏத்த மாதிரி கூட்டிக்கலாம்னு திட்டம். லிஸ்டைப் பெருமையா பிரிண்ட் எடுத்துச் சுவத்துல ஒட்டினேன். அதுதான் நான் செஞ்ச முதல் மடத்தனம்!

எங்க பக்கம் கல்யாணப் பத்திரிகையில தன் பேரு எந்த இடத்துல இருக்குன்னு பாத்துட்டுத்தான் கல்யாணத்துக்குப் போறதா வேண்டாமான்னே முடிவு பண்ணுவாங்க. என் லிஸ்டையும் அப்படித்தான் வாசிச்சாங்க. லோடு அனுப்புற பொறுப்புல இருக்குற சுப்பையா அண்ணாச்சி கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாரு.

"இருபத்தெட்டு வருசமா இங்கயே கெடக்கேன். எனக்குப் படிக்க மட்டும். நேத்து வந்த உனக்கு முழுசா?"

நான் வந்து ஆறு வருசம் ஆச்சு. அதைச் சொன்னா இன்னும் மோசமாகும்னு விட்டுட்டேன். உரிமைங்கிறது மரியாதை இல்ல, பாதுகாப்புன்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். பில் போடுற கோதை அக்காவும் வந்து, அண்ணாச்சி கேக்குறது நியாயம்தானேன்னாங்க. எனக்கு ரோசம் வந்துருச்சு.

"இந்தா பாருங்க அண்ணாச்சி, எனக்கும் படிக்க மட்டும். இப்ப சரியா?"

அவர் கண்ணு முன்னாடியே தட்டிவிட்டேன். அண்ணாச்சிக்கு மனசு குளுந்து எனக்கு டீ சொன்னாரு. பாதி டீயிலதான் எனக்கு உறைச்சது. திருப்பி எனக்கு உரிமை குடுக்கப் போனா, உனக்கு அந்த உரிமை இல்லைன்னு சர்வர் சொல்லுது.

பன்னெண்டு மணிக்குக் கேரளா லாரி வந்து நின்னுச்சு. அங்க ஒரு ஆஸ்பத்திரியில பேண்டேஜ் தீரப்போகுதாம். நாலு மணிக்குள்ள லோடு கிளம்பணும். பில் இல்லாம லாரி நகராது. ஒன்பது பேரும் பழைய பில்லை எல்லாம் படிக்கலாம், ஒருத்தராலயும் புதுசா ஒரு பில் போட முடியாது! இந்த லோடு நின்னா என் வேலை போயிரும்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

முதலாளிக்குப் போன் போட்டா டவர் இல்ல. வண்டியை எடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போயி, அங்க இருந்து மலையடிவாரத்துக்கு ஒரே ஓட்டம். வனத்துறை செக்போஸ்ட்ல காவலர் கையை நீட்டி மறிச்சாரு.

"உள்ள போக அனுமதி இருக்கா?"

காலைல இருந்து ஊருக்கெல்லாம் அனுமதியைக் குறைச்ச கை இது. பாஸ்வேர்டு வாங்கப் போறேன்னு உள்ளதைச் சொன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. வாயை ஊதச் சொன்னாரு. பொறவு நோட்டுல பேரை எழுதி வாங்கிட்டு, வண்டியை விட்டுட்டு நடந்து போகச் சொன்னாரு.

முதலாளி அப்பதான் பந்தியில உக்காந்திருந்தாரு. இலையில கறி விழுந்த நேரம். காதுக்குள்ள விஷயத்தைச் சொல்லி, பாஸ்வேர்டை மட்டும் குடுத்தாப் போதும், நான் போயிப் பாத்துக்கிடுதேன்னு கெஞ்சினேன்.

"உன்கிட்ட சொல்றதுக்கா உன்னையத் திரும்பி நிக்கச் சொன்னேன்?"

இலையை மூடிட்டு எந்திரிச்சாரு. காரைக் குடும்பத்துக்கு விட்டுட்டு, செக்போஸ்ட் வரைக்கும் என்கூட நடந்து வந்து என் வண்டியில பின்னாடி ஏறிக்கிட்டாரு. ராஜபாளையம் வர்ற வரைக்கும் அவர் வயிறு மட்டும்தான் பேசுச்சு.

ஆபீஸ்ல மறுபடியும் சுவரைப் பாத்து நின்னேன். அவரு தன் கணக்கைத் திறந்து விட்டாரு. முதல்ல எனக்கு உரிமை போட்டேன். பொறவு இன்னொரு சண்டைக்குத் தெம்பில்லாம எல்லாருக்கும் முழு உரிமையே குடுத்துட்டேன். நாலு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கையில லாரி கிளம்புச்சு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

முதலாளி வீட்டுக்குப் போற முன்னாடி எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொன்னாரு.

"இனிமே ஏதாச்சும் தப்பா மாறியிருந்தா, யாரு பேர்ல மாறியிருக்குன்னு பாப்பேன். அவிய வந்து எங்கிட்ட பதில் சொல்லணும்."

இன்னைக்குக் காலைல நான் வர்றதுக்கு முன்னாடியே அண்ணாச்சி என் மேசைகிட்ட நின்னாரு. அவருக்குப் பின்னாடி கோதை அக்கா. அவங்களுக்குப் பின்னாடி மத்தவங்க எல்லாரும் வரிசையா.

"தம்பி, எனக்குப் படிக்க மட்டும் போதும்யா. கண்ணு வேற முன்ன மாதிரி தெரிய மாட்டேங்கு."

இப்ப எங்க ஆபீஸ்ல எட்டு பேரு படிக்கிறாங்க. பில், ஸ்டாக், லோடு அம்புட்டையும் எழுதுறது நான் ஒருத்தன்தான்.