சரிபாதி மேஸ்திரியும் என் சமையலறைச் சுவரும்

வீடு கட்டுகிறவனின் இடுப்பை ஒடிக்காத மேஸ்திரி இந்த உலகத்தில் கிடையாது. மற்றவர்கள் செலவு வைத்து ஒடிப்பார்கள். சம்மட்டியையும் மண்கூடையையும் கையில் கொடுத்து நிஜமாகவே ஒடித்தவர் ஓசூர் சீமையில் ஒரே ஒருவர்தான். பாகலூர்க்காரர். ரேஷன் கார்டில் அவருக்கு ஏதாவது பெயர் இருந்திருக்கும். ஊருக்கு அவர் சரிபாதி மேஸ்திரி.

ஐம்பதுகளின் நடுவில் நான் ஓசூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. குடியிருந்த வீட்டுக்காரர், தை பிறந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்குக் காவேரிப்பட்டினம் கிளம்பிய என் மனைவி சரோஜா, பஸ் ஏறும்போது, "குழந்தையத் தூக்கிட்டு சொந்த வீட்டுக்குத்தான் வருவேன். இன்னொரு வாடகை வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன் முழுவதும் மேஸ்திரியின் கான்ட்ராக்டுக்கே சரியாகப் போயிற்று. அதற்குமேல் என்னிடம் இருந்தது ஒரு கோட்டும் ஒரு குடையும்.

"நடுவுல கூடுதல் செலவுன்னு வந்து நிக்கக் கூடாது, மேஸ்திரி" என்றேன்.

"நான் எதுக்குங்க ஐயா வந்து நிக்கறேன்? எழுதினதுக்கு மேல ஒரு தம்பிடி வாங்கினா அது திருட்டு. சும்மா செஞ்சு குடுத்தா நான் கேனையன். எழுதாத வேலை எது வந்தாலும் பாதி நானு, பாதி நீங்க."

"பாதிப் பணமா?"

"பணம் எதுக்குங்க? பாதி வேலை."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

கடைக்கால் தோண்டிய மூன்றாம் நாள் ஈசான மூலையில் பாறை. அந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் பாறைதான். தன் மனையில் மட்டும் இருக்காது என்று ஒவ்வொருவனும் நம்புவான், நானும் நம்பினேன். மேஸ்திரி தமிழில் அளப்பார், கன்னடத்தில் ஆட்களைத் திட்டுவார், கல்லோடு மட்டும் தெலுங்கில் பேசுவார். அன்றைக்கு அரைமணி நேரம் தெலுங்கில் பேசிப் பார்த்துவிட்டு, பாறையின் நடுவே சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார்.

"கெழக்கால இருக்கறது உங்களுது" என்று சம்மட்டியை நீட்டினார்.

ஆபீஸ் விட்டதும் கோட்டைக் கழற்றிப் புளியமரத்தில் மாட்டிவிட்டு அடித்தேன். பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் உள்ளங்கை கொப்புளித்து, மறுநாள் நான் எழுதிய ஃபைலைப் பார்த்த தாசில்தார், "என்னய்யா இது, கோழி கிளறின மாதிரி?" என்றார்.

பட்டா மாற்ற மனு கொடுத்திருந்த விவசாயி ஒருவர் என்னைத் தேடி மனைக்கே வந்தார். நான் நின்ற கோலத்தைப் பார்த்துப் பதறிப்போய், "நீங்க போயி இதெல்லாம்... குடுங்க சாமி" என்று சம்மட்டியைக் கேட்டார். நான் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. மேஸ்திரி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

"இவரு அடிச்சா அது லஞ்சம்ங்க ஐயா! லஞ்சத்துல கடைக்கால் போட்டா வீடு நிக்குமா?"

அந்தப் பட்டாவை மறுநாளே முடித்துக் கொடுத்தேன். அவர் திரும்பவும் வந்து என் மானத்தை வாங்காமல் இருக்கவேண்டுமே!

பாறை ஒருவழியாக உடைந்து, சுவர்கள் எழும்பியபின் மாமனார் பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "வாசல் ஒரு சாண் உசந்தா எடுப்பா இருக்கும், மாப்பிள்ளை" என்றார். அடுத்த நிமிஷம் அவர் முன்னால் ஒரு மண்கூடை இருந்தது. "யாரு சொன்னாங்களோ அவங்க பாதி" என்றார் மேஸ்திரி. மூன்று நடை சுமந்த மாமனார், நாலாவது நடையில் கூடையை இறக்கி, "இப்ப பாக்கறப்போ வாசல் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிட்டார். அதன்பிறகு எங்கள் சொந்தத்தில் ஒருவரும் வீடு பார்க்க வரவில்லை.

கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. ஓடு போடாத சமையலறையின் பின்சுவர் அப்படியே சரிந்து விழுந்தது. தைக்கு நடுவில் மார்கழி ஒன்றுதான் பாக்கி.

"நீங்க கட்டின சுவர் விழுந்ததுக்கு நான் பாதியா?" என்று கத்தினேன்.

"மழைய நான் கூப்பிட்டேனா? நீங்க கூப்பிட்டீங்களா? ரெண்டு பேரும் கூப்பிடல. பாதி பாதி" என்று சொல்லிக் கோடு போட்டார்.

அன்று சாயங்காலமே தந்தி வந்தது. பெண் குழந்தை, தாய்க்குக் கடும் ஜுரம், உடனே வரவும். மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். "போய்ட்டு வாங்க ஐயா. உங்க பாதி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். காவேரிப்பட்டினம் போய்ச் சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

ஜுரம் இறங்கப் பத்து நாள் ஆயிற்று. கண் தெளிந்ததும் சரோஜா கேட்ட முதல் கேள்வி, "வீடு?" என்பதுதான். "முடிஞ்ச மாதிரிதான்" என்று கூசாமல் சொல்லிவிட்டு, சுவர் விழுந்ததை மாமனார் காதில் மட்டும் போட்டுவிட்டு ஓசூருக்கு வந்தேன்.

வந்து பார்த்தால் சமையலறைச் சுவர் முழுசாக நிற்கிறது! அவர் பாதியும் இருக்கிறது, என் பாதியும் இருக்கிறது. என் பாதியின் மேல்வரிசையில் மட்டும் ஒரே ஒரு செங்கல் வைக்க இடம் விட்டிருந்தது.

"என் பாதிய யார் கட்டினது?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "யாரும் கட்டலீங்க. நான் என் பாதியத்தான் கட்டினேன். கண்ணு முன்ன மாதிரி தெரியறதில்ல. கோடு தாண்டி ரெண்டு செங்கல் போயிருக்கும்."

"ரெண்டு செங்கலா!"

"உங்க வேலை பாக்கி கெடக்குது. பேசிட்டே நிக்காதீங்க" என்று கரணையைக் கையில் திணித்தார்.

வைத்தேன். கோணலாகத்தான் உட்கார்ந்தது. அவருடைய ஆள் அப்படி வைத்திருந்தால் கன்னடத்தில் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார். என் செங்கல்லை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று கை கழுவப் போய்விட்டார்.

தை மாதம் சரோஜா குழந்தையோடு வந்து இறங்கி, அந்தச் சமையலறையில் பால் காய்ச்சினாள். மேஸ்திரிக்கு டம்ளரை நீட்டியபடியே, "சுவர் விழுந்துபோச்சுன்னு அப்பா சொன்னாரே. யாருங்க திரும்பக் கட்டினது?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"பாதி ஐயாதான் கட்டினாருங்கம்மா. ராத்திரி பகல் பாக்கலையே!"

சரோஜா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அவருடைய டம்ளரில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினேன்.