பதினோரு முறை ‘கைவிட’

கணினி விஷயத்தில் தெரியாததைத் ‘தெரியாது’ என்று சொல்லும் நல்ல பழக்கம் எனக்குத் திருமணத்தில்தான் வந்தது. துல்லியமாகச் சொல்வதானால், திருமணத் திருப்பலி தொடங்கிய ஆறாவது நிமிடத்தில்.

அப்போது நான் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தனியார் கல்லூரியின் கணினிக்கூடத்தில் இருந்தேன். பதவியின் பெயர் ‘தொழில்நுட்ப அதிகாரி’. (வேலை, பிரிண்டரில் சிக்கிய தாளைக் கிழியாமல் உருவுவது.) ஆனால் ஆயர் தாவாரில் எனக்கு நிச்சயித்திருந்த ஸ்டெல்லாவின் வீட்டிலோ, கம்பியூட்டரைக் கண்டுபிடித்தவனே என்னிடம் யோசனை கேட்டிருப்பான் என்கிற அளவுக்கு அளந்து வைத்திருந்தேன்.

ஸ்டெல்லாவின் அப்பா சவரிமுத்து மாமா, அந்த ஊர் ரப்பர் தோட்டத்து மாதா கோயிலின் பாடகர் குழுவில் முப்பது வருடம் பாடியவர். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தபோதும் அந்தக் குழு கலையவில்லை. ஒருமுறை எல்லாரும் வேன் பிடித்து ஈப்போவுக்கு வந்து, தாங்களே எழுதி மெட்டுப் போட்ட பாடல்களை ஒரு ஸ்டூடியோவில் பாடி, ஆளுக்கொரு சி.டி. போட்டுக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் மாமாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. எனக்குத் தெரிந்த மாமா பேசுவதெல்லாம் வெறும் காற்றாகத்தான் வரும். பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் சொல் புரியும்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அவர் தன் சி.டி.யைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

“மாப்பிள்ள, புள்ளயக் கையப் புடிச்சி நான் கூட்டிட்டு வரும்போது, இதுல மூணாவது பாட்டப் போடணும். நான் தனியாப் பாடுனது. கோயில்ல சி.டி. போடுற பெட்டி கெட்டுப்போச்சுலா. பென் டிரைவ்தான் ஏறுமாம்.”

“அஞ்சு நிமிச வேலை மாமா,” என்றேன்.

என் கணினியில் சி.டி. செருகும் இடமே இல்லை என்பது ஈப்போ திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அங்கே புந்தோங் பகுதியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் மகேஸ்வரி அக்காவிடம் போனேன். அவர் சி.டி.யை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“கீறல் இருக்கு தம்பி. இதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் வச்சிருக்கேன். கொஞ்சம் மெதுவாத்தான் படிக்கும். சந்தேகமா இருந்தா அதே இடத்தத் திரும்பத் திரும்பப் படிச்சிப் பார்க்கும். வுட்டுட்டுப் போங்க, நாளைக்கி வந்து எடுத்துக்கலாம்.”

திரையில் எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி, உள்ளே பொடி எழுத்தில் வரிசையாகக் கேள்விகள். வருமான வரிப் படிவமே இதைவிட அழகாக இருக்கும்.

“ஐயோ அக்கா, இதெல்லாம் பழசு. நான் ஃபீல்டுல இருக்கேன்ல?” (எந்த ஃபீல்டு என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷி.) வேறொரு மென்பொருளை அங்கேயே இறக்கினேன். நீல ஒளி, சுழலும் தட்டு, ஏறிக்கொண்டே போகும் சதவீதம். நான்கே நிமிடத்தில் பெரிய பச்சை நிறச் சரி அடையாளம் போட்டு ‘முழு வெற்றி’ என்றது.

“வேகமா படிக்கிறது, புரியாத எடத்துல அதுவா ஏதாச்சும் போட்டு நெரப்பிரும் தம்பி. முழுசாக் கேட்டுப் பாருங்க,” என்றார் அக்கா.

முதல் அரை நிமிடம் கேட்டேன். கடைசி அரை நிமிடம் கேட்டேன். நடுவில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

கல்யாண நாள். நான் பீடத்தருகே கோட்டு சூட்டில் வேர்த்துக்கொண்டு நின்றேன். வாசலில் வெள்ளைப் புடவையில் ஸ்டெல்லா, அவள் கையைப் பிடித்து மாமா. ஒலிபெருக்கியில் அவருடைய பழைய குரல் எழுந்தது.

அந்தக் குரலை நான் அதுவரை ஒழுங்காகக் கேட்டதே இல்லை. கடையில் கேட்டது முன்னிசையும் பின்னிசையும்தான். கூரை வரை போய் நிரம்புகிற குரல். முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். இந்த மனிதரா இத்தனை நாள் என்னிடம் காற்றாகப் பேசிக்கொண்டிருந்தார் என்று வாய் பிளந்து நின்றேன்.

“மலையே சாய்ந்தாலும், மகளே, நான் உன்னைக் கைவிட...” என்று பாடிய குரல், அடுத்து வர வேண்டிய ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்குப் போகவில்லை.

“கைவிட... கைவிட... கைவிட...”

எல்லாரும் பீடத்தில் நின்ற என்னைப் பார்த்தார்கள். ஃபாதர் கூரையைப் பார்த்தார். ஸ்டெல்லா ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டாள்.

“கைவிட... கைவிட...”

“சாமியே வேணாங்குதுடி,” என்று ஒரு பெண்குரல் கேட்டது.

பதினோரு முறை. (எண்ணியவள் ஸ்டெல்லா. இன்றும் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்க மாட்டாள்.) நான் பீடத்திலிருந்து பாய்ந்து, ஒலிபெருக்கிக்காரரை நோக்கி ஓடி, தரையில் கிடந்த வயரில் கால் மாட்டி விழுந்தேன். வயர் பிடுங்கிக்கொண்டது. ஒலிபெருக்கி செத்தது. மின்விசிறிகளும் நின்றன.

முந்நூறு பேர் இருந்த இடத்தில் ஒரு சத்தம் இல்லை. நான் தரையில் குப்புறக் கிடந்தேன்.

அந்த அமைதியில்தான் அது கேட்டது. சவரிமுத்து மாமா, மகளின் கையை விடாமல், கழுத்து நரம்பு புடைக்க, அந்த ஒரு சொல்லைச் சொன்னார்.

“மாட்டேன்.”

காற்றுதான். ஆனால் கடைசி பெஞ்சுவரை கேட்டது. பழைய பாடகர் குழுவில் மிச்சமிருந்த நாலைந்து பேர் எழுந்தார்கள், விட்ட இடத்திலிருந்து பாடினார்கள். ஸ்டெல்லா தூக்கிய காலை இறக்கி நடந்து வந்தாள். நான் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் நானே சி.டி.யை எடுத்துக்கொண்டு மகேஸ்வரி அக்கா முன்னால் போய் நின்றேன். அவர் சி.டி.யை வாங்கிச் செருகினார். சாம்பல் பெட்டியைத் திறந்தார். அது படித்தது. ஓரிடத்தில் நின்றது. மறுபடி படித்தது, மறுபடி, மறுபடி. ஒரு மணி நேரம் அந்த ஒரு நொடியோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் நிமிடத்தையும் நொடியையும் குறிப்பிட்டு, ‘இந்த இடத்தை நம்ப வேண்டாம்’ என்று எழுதிக் காட்டியது. ‘மாட்டேன்’ வர வேண்டிய அதே நொடி.

எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை வந்தது. அதுவரை நான் நம்பிய மென்பொருளெல்லாம் என் சாதி. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிப் பச்சை அடையாளம் போடும்.

“வேற காப்பி கெடைச்சா கொண்டாங்க,” என்றார் அக்கா.

குழுவில் ஒவ்வொருவராகத் தேடினோம். ஒரு சி.டி. கார்க் கண்ணாடியில் தொங்கி வெயிலில் வெளுத்திருந்தது. இன்னொன்று பப்பாளி மரத்தில் பறவை விரட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் சித்தியவானில் லூர்து அத்தை வீட்டில் கண்டுபிடித்தோம். அவரும் குழுவில் பாடியவர். மாதா சுரூபத்தின் தலைக்குப் பின்னால் அதை ஒளிவட்டமாக ஒட்டி வைத்திருந்தார்.

“மாதா வெளிச்சத்தப் புடுங்குறியா?” என்றார் அத்தை.

பதிலுக்கு வேறு தட்டு தருவதாகக் கெஞ்சினேன். என் பையில் இருந்தது கல்லூரி பிரிண்டருக்கான சி.டி. ஒன்றுதான். அதை ஒட்டிவிட்டு இதைக் கழற்றினேன். (இன்றும் அத்தை வீட்டில் ஜெபிக்கும்போது நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு மாமாவும் எங்களோடு புந்தோங்குக்கு வந்தார். சாம்பல் பெட்டி படிக்கத் தொடங்கியது. மாமா நாற்காலியை விட்டு அசையவில்லை. மதியம் வாங்கி வந்த சோற்றைத் திரையைப் பார்த்தபடியே தின்றார். சாயங்காலம் நாலு மணிக்கு, பகட்டே இல்லாமல், ஒரு வரி வந்தது: பிழை இல்லை.

அக்கா பாட்டைப் போட்டார். “கைவிட” வந்தது. மாமா என் முழங்கையைப் பிடித்தார். “மாட்டேன்” வந்தது. முழுதாக, கூரை அதிர.

பாட்டு முடிந்ததும் மாமா என் காதருகே குனிந்தார். “நல்லாத்தான்லா பாடியிருக்கேன்,” என்றார்.

அந்தப் பதிவைத்தான் இப்போது எங்கள் கோயிலில் எல்லாக் கல்யாணத்திலும் போடுகிறார்கள். ஆனால் “கைவிட” என்று பாட்டு வந்ததும், மொத்தக் கோயிலும் என் பக்கம் திரும்பி, “மாட்டேன்!” என்று கத்துகிறது. சின்னப் பிள்ளைகள்கூட. புதிதாக வந்த ஃபாதர் இதுவும் வழிபாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துக் கையை விரித்து நிற்கிறார். ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து மீட்ட அந்த ஒரு நொடியை, இந்தச் சத்தத்தில் இன்றுவரை கோயிலில் ஒருவரும் கேட்டதில்லை.