மாமா விட்ட பெருமூச்சும் இடம் மாறிய பாலமும்

அன்புள்ள காத்தமுத்து மாமாவுக்கு,

தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்திலிருந்து உங்க தங்கச்சி மகள் ஷாமிளா வணக்கத்தோடு எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். ஆறு எங்களைவிடச் சுகம், போன மழையில் நாம் பிடித்து இறங்கும் கயிற்றையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கொழும்புக் கடையில் உங்களுக்குச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாங்க. கேட்டுவிட்டேன். இனி என் கோபம்.

மாமா, பாலம் கட்டி முடிந்துவிட்டது. சந்தோஷப்படாதீங்க. நம்ம ஆற்றுக்கு மேலே இல்லை, பிரதேச சபை மெம்பர் மாத்தயாவின் மச்சான் வீட்டுக்குப் போகிற பாதையில். பாலம் கட்டுகிற கொந்தராத்தும் அந்த மச்சானுக்குத்தான். அங்கே ஆறே கிடையாது, மழைத்தண்ணி போகிற ஒரு சின்னக் கான் ஓடுகிறது, அதை நம்ம கோழியே தாண்டிவிடும். நான் பள்ளிக்கூடத்தை விட்டதே இந்த ஆற்றால்தான். இப்போது டவுன் தையல் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது, அதையும் ஆறு தின்றுவிடுமோ என்ற பயத்தில், கடையில் சீனி கேட்கவே வெட்கப்படுகிற நான் சபைக்கே போய்க் கேட்டேன். மெம்பர், "நான் பாலம் வாங்கித்தான் கொடுத்தேன், இடம் பார்த்தது ஆபீசர்" என்றார். ஆபீசர் இராஜசிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை, நான் மேல சொன்னதைத்தான் செய்தனான், கொந்தராத்துக்காரரைக் கேளும்" என்றார். கொந்தராத்துக்காரர் தன் மச்சானைக் கேட்கச் சொன்னார். அவருடைய மச்சான் மெம்பர்தானே. கால் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் மூன்று பேரும் ஒரே ஆளைக் கை காட்டினாங்க. உங்களை.

போன லீவில் நீங்க வந்தபோது நடந்த கோயில் கூட்டத்தில் மெம்பர் பாலம் வேணுமா என்று சிங்களத்தில் கேட்டபோது, அரிசி மூட்டையை இறக்கிவிட்டு முன்னால் உட்கார்ந்த நீங்க "எப்பா…" என்று பெருமூச்சு விட்டீங்களாம். சிங்களத்தில் எப்பா என்றால் வேண்டாம் என்று உங்களுக்குத் தெரியாதா மாமா? "மக்களே வேண்டாம்னு சொன்ன பிறகு நான் மீறலாமா" என்கிறார் மெம்பர். மாமா மூட்டை தூக்கின களைப்பு, அது தமிழ் எப்பா என்று ஆபீசரிடம் சொன்னேன். "எனக்கு விளங்குது பிள்ளை. ஆனா கூட்டம் சிங்களத்தில நடந்தது, மூச்சும் சிங்களமாத்தான் பதியும்" என்றார். கானுக்குப் பாலம் போடச் சொன்னது யார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. உங்க பெருமூச்சு மட்டும் எல்லாருக்கும் ஞாபகம்.

வெள்ளிக்கிழமை மெம்பர் மறுபடி கோயிலுக்கு வருகிறார். நீங்க லீவு போட்டு வந்து, அது வெறும் மூச்சுதான் என்று சொல்லியே ஆகணும். விடுகிற மூச்சையெல்லாம் அவிசாவளை பஸ்ஸிலேயே விட்டுட்டு வாங்க.

அத்தைக்கு என் அன்பு. முருகன் உங்களுக்குக் களைப்பே இல்லாத உடம்பைத் தரட்டும்.

உங்க மருமகள்,
ஷாமிளா

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் மெம்பர் முந்திக்கொண்டு இன்றைக்கே வந்துவிட்டார். ஆற்றுக்குப் பாலம் வேணுமா என்று அதே சிங்களத்தில் கேட்டார். நீங்க இல்லையே, நானே எழும்பி, "ஓனே மாத்தயா, வேணும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஆபீசர் பேனாவைத் திறந்தார். அப்போது அம்மா, மகள் வாயைத் திறந்துவிட்டாளே என்ற நிம்மதியில், நெஞ்சில் கை வைத்து, மைக்குக்குப் பக்கத்தில் நின்று, "எப்பா…" என்றாங்க.